ஆற்றை நோக்கிய அறைகள்

மாணவர் விடுதியைக் கல்விக்கூடத்தின் ஓர் உறுப்பாகவே கருதிச் சமைத்தவருள் பின்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ற்றோ குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் அவர் அமைத்த பேக்கர் இல்லம் 1949 ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. இரண்டாம் உலகப் போரினின்று மீண்ட இளைஞர் பல்கலைக்கழகங்களிற் பெருகிய காலம் அது.

ஒரே அளவான அறைகளை நேர்வரிசையில் அடுக்குதல் எளிது. ஆல்ற்றோவோ சாள்ஸ் ஆற்றங்கரையிலே செங்கற் சுவரைப் பாம்பென வளைத்தார். அவ்வளைவினாற் பெரும்பாலான சாளரங்கள் ஆற்றைச் சாய்வாக நோக்கின. கரையோர வீதியின் வாகன ஓட்டம் நேரெதிரே நின்று கண்ணை உறுத்தவில்லை. அறைகளும் பல்வேறு வடிவங் கொண்டன.

இன்றும் அங்கு மாணவர் வாழ்கின்றனர். விடுதி சமைப்போர் அறைகளை எண்ணுமுன், அவற்றில் அமர்ந்து கற்போரை எண்ணுதல் வேண்டும் என்பதே அவ்வில்லம் புகட்டும் பாடமாகும்.