பம்பாய்க் கொள்ளைநோயின் வளைகோடு: ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டின் வரலாறும் வாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கெர்மாக், மெக்கென்ட்ரிக் ஆகிய இருவரும் 1927-இல் வெளியிட்ட தொற்றுநோய்க் கணித மாதிரி, இயங்கு அமைப்புகளைச் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளால் விளக்குவதற்குரிய முதன்மைச் சான்றாக இன்றளவும் கற்பிக்கப்படுகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பம்பாயின் 1905-06ஆம் ஆண்டுப் பிளேக் இறப்புகளின் வளைகோடு. அவ்வளைகோட்டின் எண்களைக் கொண்டே, அது மனிதரிடையே பரவிய நோயின் மாதிரியாக நிற்க இயலாது என்பதையும், ஆசிரியர்கள் இதனை அறிந்தே எச்சரித்திருந்தனர் என்பதையும் இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வகைக்கெழுச் சமன்பாடு, இயங்கு அமைப்பு, பிளேக், பம்பாய், மெக்கென்ட்ரிக், பருவ மாற்றம்

முன்னுரை

காலத்தோடு மாறும் ஓர் அமைப்பின் நிலையை நேரடியாகச் சொல்ல இயலாதபோது, அது மாறும் வேகத்தைச் சொல்லிவிடலாம் என்பதே வகைக்கெழுச் சமன்பாட்டு முறையின் அடிப்படை. வேகத்துக்கான விதி, தொடக்க நிலை ஆகிய இரண்டும் தரப்பட்டால் எஞ்சியவற்றைக் கணிதம் பார்த்துக்கொள்ளும். கோள்களின் இயக்கத்தில் இம்முறை பெற்ற வெற்றி அனைவரும் அறிந்தது. கோள்களுக்கான விதி ஐயத்துக்கு இடமின்றிக் கிடைத்திருந்தது. நோய்க்கும் மக்கள்தொகைக்கும் அத்தகைய விதி கிடைக்கவில்லை, ஊகித்துத்தான் எழுதவேண்டியிருந்தது. ஊகித்து எழுதிய விதி தரவோடு பொருந்திவிட்டால் அது மெய்யாகிவிடுமா என்பதே இங்கு எழும் வினா.

இந்தியாவில் தொடங்கிய கணக்கு

இவ்வரலாற்றின் முதற்பகுதி இந்திய மருத்துவப் பணியில் இருந்த இருவரைச் சார்ந்தது. அல்மோராவில் பிறந்த ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார். கொசுக்களை முற்றாக ஒழிக்காமல் மலேரியாவை ஒழிக்க இயலாது என்று வாதிட்டோருக்கு அவர் கணிதத்தால் விடையளித்தார். மலேரியாத் தடுப்பு குறித்த அவரது நூலின் 1911ஆம் ஆண்டுப் பதிப்பில், நோயுற்ற மனிதர், நோயுற்ற கொசு ஆகிய இரண்டன் மாற்ற வேகங்களும் ஒன்றையொன்று சார்ந்த சமன்பாடுகளாக எழுதப்பட்டன. கொசுக்களின் அடர்த்தி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் நோய் தானே அழியும் என்பது அவற்றிலிருந்து கிடைத்த முடிவு.

ராஸுடன் 1901-இல் சியரா லியோனுக்குச் சென்றவர் ஆண்டர்சன் கிரே மெக்கென்ட்ரிக். இந்தியாவில் பணியாற்றியபோது, எம். கேசவ பாயுடன் இணைந்து 1911-இல் நுண்ணுயிர்ப் பெருக்கத்தின் வேகம் பற்றிய கட்டுரையொன்றை அவர் வெளியிட்டார். உணவு குறையக் குறையப் பெருக்கம் தணியும் என்னும் சமன்பாட்டைச் சோதனைக் குழாயிலுள்ள பாக்டீரியாவுக்குப் பொருத்திக் காட்டிய கட்டுரை அது. இதே சமன்பாட்டை மக்கள்தொகைக்குப் பொருத்திப் பேர்ல், ரீட் ஆகியோர் புகழ்பெற்றது 1920-இல்தான். 1911ஆம் ஆண்டின் அக்கட்டுரை இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

உடல்நலம் குன்றியதால் 1920-இல் ஸ்காட்லாந்து திரும்பிய மெக்கென்ட்ரிக், எடின்பரோ அரச மருத்துவர் கல்லூரியின் ஆய்வகத்துக்குப் பொறுப்பேற்றார். அங்கு வேதியியலாளராக இருந்தவர் வில்லியம் ஒகில்வி கெர்மாக். ஆய்வக விபத்தொன்றில் 1924-இல் கெர்மாக் பார்வையை இழந்தார். அதன்பின் மனக்கணக்காலேயே தம் கணிதப் பணியைத் தொடர்ந்தார். மூன்றாண்டுகளில் இவ்விருவரின் கூட்டுக் கட்டுரை இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது.

1927ஆம் ஆண்டுக் கட்டுரை

தொற்றுநோய் ஏன் முடிவுக்கு வருகிறது என்பது அக்காலத்தில் தீராத வினா. தொற்றத்தக்கோர் அனைவரும் தீர்ந்துபோவதால் என்றது ஒரு தரப்பு. நோய்க்கிருமியின் வீரியம் குறைந்துவிடுவதால் என்றது மற்றொரு தரப்பு. இவ்விரண்டும் தேவையில்லை என்று காட்டியதே கெர்மாக், மெக்கென்ட்ரிக் கட்டுரையின் சிறப்பு. மக்களை அவர்கள் தொற்றத்தக்கோர், நோயுற்றோர், நீங்கியோர் என மூன்றாகப் பகுத்தனர். நீங்கியோர் என்பது குணமடைந்தோரையும் இறந்தோரையும் சேர்த்துக் குறிக்கும். தொற்றத்தக்கோர் எண்ணிக்கையையும் நோயுற்றோர் எண்ணிக்கையையும் ஒரு தொற்றுக்கெழுவால் பெருக்கினால் புதிதாகத் தொற்றும் வேகம் கிடைக்கும். நோயுற்றோர் எண்ணிக்கையை ஒரு நீங்கற்கெழுவால் பெருக்கினால் நீங்கும் வேகம் கிடைக்கும். நீங்கற்கெழுவைத் தொற்றுக்கெழுவால் வகுத்தால் வருவது வாசல் மதிப்பு. தொற்றத்தக்கோர் அந்த எண்ணுக்குக் கீழே இறங்கியதும், இன்னும் பலர் எஞ்சியிருப்பினும், நோய் தணியத் தொடங்கும்.

இன்று பாடநூல்களில் காணப்படும் இம்மூன்று சமன்பாடுகள் அக்கட்டுரையின் ஒரு சிறு பகுதியே. தொற்றி எத்தனை நாளாயிற்று என்பதைப் பொறுத்துத் தொற்றும் திறன் மாறக்கூடும் என்னும் விரிந்த கோட்பாடே அதன் பெரும்பகுதி. அது தொகையீட்டுச் சமன்பாடுகளால் ஆனது. கெழுக்கள் மாறிலிகளாக இருப்பின் என்னும் தனிநிலைக்கு மட்டுமே வகைக்கெழுச் சமன்பாடுகள் வந்தன. அவற்றுக்கும் எளிய தீர்வு கிடைக்காமையால், அடுக்குக்குறிச் சார்பை விரித்து இரண்டாம் படிக்கு மேற்பட்ட உறுப்புகளை விட்டுவிட்டனர். அவ்வாறு கிடைத்த தோராயத் தீர்வைத்தான் பம்பாய்த் தரவோடு ஒப்பிட்டனர்.

அத்தரவு 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரை வாரந்தோறும் பதிவான பிளேக் இறப்புகள். பொருத்திய சார்பு, (0.2 × வாரம் − 3.4) என்பதன் அதிபரவளைய செகண்டின் வர்க்கத்தை 890-ஆல் பெருக்கியது. வளைகோட்டின் உச்சம் 17ஆம் வாரத்தில், அதாவது 1906 ஏப்ரல் நடுவில் அமைகிறது. நோயுற்றோருள் பெரும்பாலோர் இறந்தமையால், இறப்பு எண்ணிக்கையே நீங்கும் வேகமாகக் கொள்ளப்பட்டது. புள்ளிகள் கோட்டை ஒட்டியே நிற்கின்றன. வகுப்பறையில் அப்படத்தைக் கரும்பலகையில் வரைந்துகாட்டும்போது மாணவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை ஆசிரியர் எவரும் அறிவர். மாதிரி மெய்ப்பிக்கப்பட்டது என்னும் எண்ணம் அங்கேயே பிறந்துவிடுகிறது.

எண்கள் சொல்வது

அச்சார்பிலுள்ள மூன்று எண்களுள் 3.4 என்பது உச்சம் வரும் காலத்தை மட்டுமே குறிப்பது. எஞ்சியவை 890, 0.2 ஆகிய இரண்டே. மாதிரியிலோ அறியவேண்டியவை மூன்று: தொடக்கத்திலிருந்த தொற்றத்தக்கோர், தொற்றுக்கெழு, நீங்கற்கெழு. இரண்டு எண்களைக் கொண்டு மூன்றைக் காண இயலாது. ஒன்றை வெளியிலிருந்து தரவேண்டும்.

முதலில் மக்கள்தொகையைத் தருவோம். 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பம்பாயின் மக்கள் ஏறத்தாழ 7,76,000 பேர். அனைவரும் தொற்றத்தக்கோர் எனக் கொண்டு தோராயத் தீர்வில் இட்டால், நீங்கற்கெழு வாரத்துக்கு ஏறத்தாழ 69 என வருகிறது. அதாவது நோயுற்ற ஒருவர் பிறருக்குத் தொற்றவைக்கும் காலம் சராசரியாக இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு. எந்த மருத்துவரும் இதனை ஏற்கமாட்டார்.

மாறாக, அக்காலத்தை ஒரு வாரம் எனத் தருவோம். அப்போது தொடக்கத் தொற்றத்தக்கோர் ஏறத்தாழ 21,800 பேர் எனக் கிடைக்கிறது. இது நகர மக்களுள் மூன்று விழுக்காடுகூட இல்லை. மற்றவர் அனைவரும் எவ்வாறு காப்புப் பெற்றனர் என்பதற்கு மாதிரியில் விடையில்லை. மேலும், வளைகோட்டின் மொத்தப் பரப்பான 8,900 இறப்புகள் வாசல் மதிப்பின் பாதியையும் கடந்துவிடுவதால், இரண்டாம் படியோடு நிறுத்திய தோராயமும் தளர்ந்துபோகிறது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கணக்கு முட்டிக்கொள்கிறது.

எலியும் பருவமும்

காரணம் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. பிளேக் எலியின் நோய்; எலியிடமிருந்து மனிதருக்கு அதனைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி. பால்-லூயி சிமோன் 1898-இல் கராச்சியில் இதனைக் கூறினார். பம்பாயில் பணியாற்றிய பிளேக் ஆய்வுக்குழு, 1905 முதல் நடத்திய சோதனைகளால் இதனை உறுதிப்படுத்தியது. முதலில் சாக்கடை எலிகளும், பின்னர் வீட்டெலிகளும், அதன்பின் மனிதரும் மடிந்ததை அக்குழு பதிவு செய்தது. வெப்பம் மிகும் காலத்தில் தெள்ளுப்பூச்சிகள் குறைவதையும் அது கண்டது.

பம்பாயில் 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் பிளேக்கை இனங்கண்டார். அதுமுதல் அது ஆண்டுதோறும் குளிர்கால இறுதியில் எழுந்து, இளவேனிலில் உச்சமுற்று, மழைக்காலத்துக்குள் தணிந்தது. ஆகவே 1906 ஏப்ரலுக்குப் பின் வளைகோடு சரிந்தமைக்குத் தொற்றத்தக்கோர் குறைந்ததுதான் காரணமா, வெப்பம் மிகுந்ததுதான் காரணமா என்பதை அவ்வளைகோட்டை மட்டும் கொண்டு சொல்ல இயலாது. 2012-இல் நிக்கோலா பக்கயேர், எலி, தெள்ளுப்பூச்சி, மனிதர் ஆகியவற்றோடு பருவத்துக்கேற்ப மாறும் கெழுக்களையும் சேர்த்து இதனை விரிவாக ஆராய்ந்தார்.

இங்கே நேர்மையாகக் கூறவேண்டிய ஒன்று உண்டு. கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் இதனை மறைக்கவில்லை. அந்தப் படத்தின் கீழேயே, மனிதரின் பிளேக் எலிகளின் பிளேக்குடைய எதிரொலி எனத் தாங்கள் கொள்வதாக எழுதியுள்ளனர். எலிகள் அனைத்தும் ஒரே அளவில் தொற்றத்தக்கவை, கெழுக்கள் மாறாதவை என்பன போன்ற எடுகோள்களை வரிசைப்படுத்தி, அவற்றுள் எதுவும் முழுமையாக நிறைவேறவில்லை என ஒப்புக்கொண்டுள்ளனர். மாறிலிகளின் மதிப்புகளை இப்பொருத்தத்திலிருந்து கணிக்கக் கூடாது என்றும் எச்சரித்துள்ளனர். இந்தியாவில் பல ஆண்டுகள் மருத்துவப் பணியாற்றிய மெக்கென்ட்ரிக்குக்கு எலியை மறந்து எழுத வாய்ப்பில்லை. பின்வந்த பாடநூல்கள் பல படத்தை எடுத்துக்கொண்டு, அதன் கீழிருந்த குறிப்பை விட்டுவிட்டன.

பொருத்திய சார்பின்படி, 1906 ஜூலைக்குப் பின் இறப்பு வேகம் என்றும் சுழியை நோக்கியே செல்லவேண்டும். பம்பாயில் 1907ஆம் ஆண்டின் இளவேனிலிலும் பிளேக் மீண்டும் வந்தது.