கம்பளப் பாணித் தலையணை உறை

பாரசீகக் கம்பளத்தின் பூவேலையை ஊசிநூலால் துணியில் எடுத்துச் செய்யும் தலையணை உறை. பூத்தையல் வகையைச் சேர்ந்தது. கம்பளத்தில் முடிச்சு செய்யும் வேலையை இதில் குறுக்குத் தையல் செய்கிறது.

நடுவில் பதக்கம், நான்கு மூலைகளில் அதன் கால்துண்டுகள், சுற்றிலும் கரை என்பதே அமைப்பு. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள அர்தபீல் கம்பளம் (1539–40) இதற்குத் தலைசிறந்த மாதிரி. கால்பகுதிக்கு மட்டும் கட்டப்படம் வரைந்தால் போதும். மற்ற மூன்றும் அதையே திருப்பிப் போட்டவை. கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியை நாலாக மடித்து, நடுப்புள்ளியைக் கண்டு, அங்கிருந்து தைக்கத் தொடங்குவர். அங்குலத்துக்கு 14 கட்டம் என்றால் 16 அங்குலச் சதுர முகப்புக்கு 50,176 தையல், அவசரக்காரர்களுக்கு ஆகாது. மேலே விழும் நூல் எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாயாவிட்டால் பளபளப்பு திட்டுத்திட்டாகத் தெரியும்.

மாதிரி பாரசீகத்தது என்றாலும், காவிரிப் படுகைக்குக் கம்பளம் புதிதன்று. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையிலுள்ள அய்யம்பேட்டை ஒரு காலத்தில் கம்பள நெசவுக்குப் பெயர்பெற்றிருந்தது. தென்னிந்தியக் கம்பளத் தொழில் பற்றி ஹென்றி ஹாரிஸ் 1908இல் வெளியிட்ட நூலில் அவ்வூரும் இடம்பெறுகிறது. தஞ்சைப் பகுதித் தேர்களில் தொங்கும் தொம்பையும் துணி வேலைதான்; ஆனால் அது வெட்டுத்துணிகளை வைத்துத் தைப்பது, இந்த உறையின் இனம் வேறு.

உள்ளே அடைக்க இலவம்பஞ்சு ஏற்றது. சிவப்பு நூல் சாயம் விடக்கூடும் என்பதால் உறையைத் தனியே குளிர்ந்த நீரில் அலச வேண்டும்.