எஞ்சினைக் குளிர்விக்க எந்த நீர்? பட்டாபிராம் முதல் பேசின் பிரிட்ஜ் வரை

முன்னுரை

பட்டாபிராமில் ஏறினால் ஆவடி, அம்பத்தூர் கடந்து சென்ட்ரலை நெருங்கும் மின்ரயில் பேசின் பிரிட்ஜைத் தொடுகிறது. இந்தத் தடத்தின் மேற்கில், 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் சிறியதும் நடுத்தரமுமான டீசல் ஜெனரேட்டர்கள் உள்ளன. பட்டாபிராமிலேயே 2024 நவம்பரில் 21 தள டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இத்தகைய கட்டடங்களுக்கு மாற்று மின்சாரம் இன்றியமையாதது. தடத்தின் கிழக்கு முனையில், பேசின் பிரிட்ஜில், 200 மெகாவாட் டீசல் மின்நிலையமே இயங்கியது. இவற்றின் குளிர்விப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் காற்றா நீரா என்பதோடு நின்றுவிடுகிறது. நீர் வளம் குன்றிய இப்பகுதியில் முதலில் கேட்கவேண்டியது எந்த நீர், அது திரும்பி வருமா ஆவியாகிப் போகுமா என்பதே. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

வெப்பக் கணக்கு

500 கேவிஏ ஜெனரேட்டர் செட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையில் அது தருவது 400 கிலோவாட். அதற்காக எரியும் டீசலின் வெப்பம் ஏறத்தாழ 1,000 கிலோவாட். மின்சாரமாகாத வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போகிறது. எரிபொருள் வெப்பத்தில் கால்பங்கு, அதாவது 250 கிலோவாட், சிலிண்டர்களைச் சுற்றியுள்ள ஜாக்கெட் நீரிலும், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் அமைப்பிலும் சேர்கிறது எனக் கொள்ளலாம்.

இதை வெளியேற்ற இரு வழிகள் உண்டு. ரேடியேட்டரில் ஒரே நீர் மூடிய சுற்றில் ஓடுகிறது. வெப்பத்தைக் காற்று கொண்டுபோகிறது. காற்று 15 டிகிரி சூடேறலாம் என்றால், நொடிக்குச் சுமார் 15 கனமீட்டர் காற்று தேவை. குளிர்கோபுரத்தில் வெப்பம் நீரை ஆவியாக்கி வெளியேறுகிறது. ஒரு கிலோ நீர் ஆவியாக 2,400 கிலோஜூல் வேண்டும். எனவே மணிக்கு 375 லிட்டர், எட்டு மணி நேர மின்வெட்டில் 3,000 லிட்டர் ஆவியாகும்.

உப்புத் தண்ணீர் விதிக்கும் வரி

இந்த 375 லிட்டரோடு கணக்கு முடிவதில்லை. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். தங்கும் உப்பை வெளியேற்ற நீரின் ஒரு பகுதியை வடித்துக் கொட்டவேண்டும். கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரில் உப்புச் செறிவை இரு மடங்குக்குமேல் விடமுடியாது என்றால், ஆவியான அளவே வடிப்பிலும் போகும். தேவை மணிக்கு 750 லிட்டராகிறது.

ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றுவதும் தீர்வாகாது. சூடான பரப்பில் சுண்ணாம்புப் படிவு முதலில் ஒட்டுகிறது. அதன் வெப்பக் கடத்தல் வார்ப்பிரும்பினுடையதில் சிறு பங்கே. சதுர மீட்டருக்கு 150 கிலோவாட் வெப்பம் பாயும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் படிவு இருந்தால், உலோகம் ஏறத்தாழ 100 டிகிரி கூடுதலாகச் சூடேறும். பானையின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு இங்கே சிலிண்டர் ஹெட்டில் விரிசலாகவும் கேஸ்கெட் எரிந்துபோவதாகவும் முடிகிறது. ‘சென்னையில் என்ன பனியா பெய்கிறது, கூலண்ட் எதற்கு?’ என்ற கேள்வி உறைதலை மட்டுமே எண்ணிக் கேட்கப்படுவது. இங்கே கூலண்டிலுள்ள கிளைக்காலின் பயன் கொதிநிலையை உயர்த்துவது. அதில் கலந்த அரிப்புத் தடுப்பான்களின் பயன் சிலிண்டர் லைனரில் குழி விழாமல் காப்பது.

பேசின் பிரிட்ஜ் சான்று

முன்னுரையில் சொன்ன, ஜிஎம்ஆர் வாசவி நிறுவனத்தின் மின்நிலையம் தலா 50 மெகாவாட் திறனுள்ள நான்கு மெதுவேக டீசல் எஞ்சின்களைக் கொண்டிருந்தது. இத்தகைய பெரிய எஞ்சின்கள் எரிபொருள் வெப்பத்தில் ஏறத்தாழ பாதியை மின்சாரமாக்கும் எனக் கொண்டு, கால்பங்குக் கணக்கை இங்கும் பொருத்தினால், முழுச் சுமையில் நீரில் சேரும் வெப்பம் சுமார் 100 மெகாவாட். அதை ஆவியாக்கித் தள்ள நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 லட்சம் லிட்டர் வேண்டும். நபருக்கு 135 லிட்டர் என்ற குடிநீர்த் திட்ட அளவுகோலில் இது சுமார் 27,000 பேரின் பங்கு. இந்நிலையம் நகரின் கழிவுநீரைப் பெற்று, சுத்திகரித்துக் குளிர்விப்புக்குப் பயன்படுத்தியது. அதைத் தொண்டு என்று மட்டும் பார்க்கவேண்டியதில்லை. எதிர் சவ்வூடுபரவல் (RO) வழி வந்த நீரில் உப்பு மிகக் குறைவு; ஆகவே அதைப் பலமுறை செறிவூட்டிச் சுழற்றலாம், வடிப்பு குறையும். எஞ்சினைப் பொறுத்தவரை போர் தண்ணீரைவிட அது மேலானது.

மறுப்பும் விளக்கமும்

ரேடியேட்டரே எல்லாவற்றுக்கும் விடையா என்றால் இல்லை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. எஞ்சினைவிட்டு வரும் கூலண்ட் 95 டிகிரி என்றால், 30 டிகிரி நாளில் 65 டிகிரியாக இருந்த இடைவெளி அன்று 50 ஆகிறது. ரேடியேட்டரின் திறனில் கால்பங்கு அளவு குறைகிறது. இரைச்சலை அடக்க செட்டைச் சுற்றி அமைக்கும் ஒலிக்கூண்டும் சிக்கலே. 2005 முதல் 1,000 கேவிஏ வரையுள்ள புதிய செட்களுக்குக் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபல் என்பது உச்ச வரம்பு. ஒலியை அடைக்கும் சுவர் காற்றையும் அடைக்கிறது. வெளியேறிய சூடான காற்றே திரும்ப உள்ளிழுக்கப்பட்டால் எத்தனை பெரிய ரேடியேட்டரும் தோற்கும். எனினும் இவை 50 டிகிரிக்கு வடிவமைத்த ரேடியேட்டராலும், காற்றின் நுழைவையும் வெளியேற்றத்தையும் தனித்தனியே பிரிப்பதாலும் தீரக்கூடியவை. நீர்ப் பற்றாக்குறைக்கு அப்படியொரு பொறியியல் தீர்வு கிடையாது.

முடிவுரை

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அதே ஆண்டில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரிக்கும் ஆலைகள் இயங்கத் தொடங்கின. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு தெளிவு. பட்டாபிராம் போன்ற இடங்களில் மாற்று மின்சாரத்துக்கான செட்கள், கனிமம் நீக்கிய நீரும் கூலண்டும் கொண்ட மூடிய சுற்றிலேயே குளிரவேண்டும். ஆவியாக்கும் முறை தவிர்க்கமுடியாத பெரிய நிலையங்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீர் மட்டுமே தரப்படவேண்டும். குடிக்கத் தகுந்த நீரை ஆவியாக்க எந்த ஜெனரேட்டருக்கும் உரிமையில்லை.