அஞ்சடி வழி

கோலாலம்பூர்ப் பட்டணத்தின் நடுவே பொதுச் சதுக்கங்களைச் செப்பனிட்டு, கால்நடையாய்ச் செல்வோர்க்கு வழி அமைக்கும் வேலை சில ஆண்டுகளாக நடந்து வருவதை வாசகர்கள் அறிவார்கள். நாம் ஒரு தோட்டத்துக் கிராணி. வரவு செலவு எழுதியே பழகிப்போனோம். ஆதலால், நடப்போர் கணக்கில் இப்பட்டணம் முன்னர் வரவு வைத்தது என்ன, பின்னர்ப் பற்றெழுதியது என்ன என்பதைச் சற்றுப் புரட்டிப் பார்க்க விரும்புகிறோம்.

1881-ம் வருஷம் ஜனவரியில் தீயும் டிசம்பரில் வெள்ளமும் வந்து கோலாலம்பூரை அழித்தன. அக்காலத்து வீடுகள் மரமும் மண்ணும் அத்தாப்பும் கொண்டவை. மறுவருஷம் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்டவேண்டுமென ஏற்பாடு செய்தார். அச்செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ்.

அப்படி எழுந்த கடைவரிசைகளின் முன்னே, நம்மவர் ‘அஞ்சடி’ என்றும் மலாய்க்காரர் ‘காக்கி லீமா’ என்றும் சொல்லும் மூடுநடை விடப்பட்டது. இதன் மூலம் சிங்கப்பூரில் இருக்கிறது. 1822-ல் ராபிள்ஸ் இட்ட கட்டளையில், தெருவை நோக்கிய ஒவ்வொரு வீட்டின் முன்பும் கூரையிட்ட நடை விடப்பட வேண்டும். அது வீட்டுக்கு வீடு அறுபடாமல் தொடர வேண்டும். எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று கண்டது. இடம் கடைக்காரனுடையதாயினும், அதில் நடக்கும் பாத்தியதை ஊராருடையதாயிற்று. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கியவாறே ஒருவன் தெருக்கோடி வரை செல்லலாம். அவன் எந்த ஜாதி என்று அக்கட்டளை கேட்கவில்லை. இதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும், 1924-ல், வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே நம்மவர் சிறை செல்லவேண்டியிருந்தது என்பதை நினைப்போர்க்கு, இந்த ஐந்தடி அற்பமாகத் தோன்றாது.

ஆனால் கடைக்காரர் சும்மா இருப்பாரா? மூட்டையும் பெட்டியும் முதலில் வந்தன. பின் பலகை வந்தது. 1888-ல் சிங்கப்பூர் முனிசிபாலிட்டி இவற்றை அகற்ற முற்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டுத் தெருவில் கலகமே மூண்டது. முடிவில், ஆள் போக இடம் விட்டுச் சரக்கை வைத்துக்கொள்ளலாம் என்ற சமரசம் ஏற்பட்டது. அந்தச் சமரசத்தின்படிதான் இன்றும் நாம் துணிக்கடை வாசல்களில் பக்கவாட்டாய் நடந்து கொண்டிருக்கிறோம்.

சதுக்கங்களின் கதையும் இத்தகையதே. கப்பித்தான் யாப் ஆ லோயின் சந்தை இருந்த இடம் மேடான் பாசார். சந்தை பெயர்ந்தபின் அது வெறும் தெருவாகி, 1937-ல் ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டுக்கென ஒரு மணிக்கூண்டைப் பெற்று, பின்னர்ப் பஸ்களுக்கு நிலையமாகி, கடைசியில் நடப்போர்க்கே திரும்பி வந்தது. கிளப்புக்காரர் கிரிக்கெட்டும் போலீசார் கவாத்தும் நடத்திய திடலில், 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் ஆங்கிலக் கொடி இறங்கிற்று. அது மெர்டேக்கா சதுக்கமாயிற்று. இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் 1909-ல் திறக்கப்பட்ட மஸ்ஜித் ஜாமெக்கைச் சுற்றி 2017-ல் ஆற்றோரப் பாதை திறக்கப்பட்டது. அந்தியில் அங்கே குடும்பங்கள் உலாவுவதைக் காண மகிழ்ச்சியே. எனினும் நண்பகலில் மேடான் பாசாரைக் குறுக்கே கடந்து பாருங்கள். பழைய அஞ்சடியின் நிழல் எத்தனை பெறுமானம் என்பது உச்சந்தலையில் தெரியும்.

வழியைப் பற்றி முன்னோர் அக்கறையே கொள்ளவில்லை என்றும் சொல்வதற்கில்லை. எமது கிள்ளானில் 1960-ஐ ஒட்டி எழுந்த கோத்தா பாலத்துக்கு இரு தளங்கள்: மேலே வண்டிகள், கீழே நடப்போரும் சைக்கிள்காரரும். நடப்பவனுக்கென்று ஒரு முழுத் தளத்தையே இட்டார்கள். இதற்கு மாறாக, 2003-ல் ஓடத் தொடங்கிய மோனோரயிலுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நிலையம் வைத்தார்கள். பெயர் சென்ட்ரல், இருப்பதோ துன் சம்பந்தன் சாலைக்கு அப்பால். 2014-ல் அங்காடி மாளிகை ஒன்று திறக்கப்பட்டு அதனூடே வழி கிடைக்கும் வரை, பிரயாணிகள் பெட்டியும் பிள்ளையுமாய்ச் சாலையைத்தான் கடந்தார்கள். நாமும் கடந்தோம்.

அதே பிரிக்பீல்ட்ஸில் கண்பார்வையற்றோர் சங்கத்தின் நிலையம் நெடுங்காலமாய் இருக்கிறது. அவர்கள் காலால் உணர்ந்து செல்வதற்காக நடைபாதையில் மேடிட்ட மஞ்சள் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. சென்ற வருஷம் ஒருநாள் அவசரத்தில் நாம் மோட்டார் சைக்கிளை அவ்வோடுகளின்மேல் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்புகையில் ஒரு பெரியவர் கோலால் வண்டியைத் தட்டிப் பார்த்து, சாலையில் இறங்கி, சுற்றிக்கொண்டு மறுபடி மேலேறினார். ஐயா, வண்டி எமது என்றோம். அவர் கோபிக்கவில்லை. “நேற்று இங்கே கார் நின்றது தம்பி” என்று சொல்லி நடந்தார்.