ஒரு பைசாப் பள்ளிக்கூடம்

கே.ஜி.எஃப் என்றால் இப்போது பலருக்கும் சினிமாதான் ஞாபகம் வருகிறது. எனக்கு ஒரு பத்திரிகை.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் இறங்கியபின், வட ஆற்காட்டுப் பக்கமிருந்து தலித் குடும்பங்கள் சாரிசாரியாகச் சுரங்க வேலைக்குப் போயின. மைசூர் சமஸ்தானம், வேற்று மொழி. நம் கதைதான்!

அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகைக்குத் தங்கவயலில் நல்ல வாசகர் கூட்டம் இருந்தது. விலை ஒரு பைசா, அதாவது காலணா. அன்று ரூபாய்க்கு 64 பைசா (வங்கிக்காரன் புத்தி போகாது). பண்டிதர் சித்த வைத்தியரும்கூட. வரலாறு, பௌத்தம், அரசியல், மருத்துவம் எல்லாம் ஒரே தாளில் கலந்து வந்தன. வாசகர்கள் சந்தேகங்களை எழுதிக் கேட்டார்கள். அவர் பதில் எழுதினார். பாடத்தைப் பாதி கேட்பவரே தீர்மானித்தார் என்பேன். நம் வார இறுதித் தமிழ் வகுப்புகளில் பிள்ளைகளுக்கு அந்த இடம் இருக்கிறதா?

மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை வந்தது. பிற்பாடு சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது.

1914-இல் பண்டிதர் மறைந்தார். 1926-இல் 'தமிழன்' மறுபடி வந்தது. இந்தமுறை சென்னையிலிருந்து அல்ல, ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக, தங்கவயலிலிருந்தே!