உடன் சென்றவர்கள்: பேரலைகளில் வீழ்ந்து மீண்டோரின் வரலாறு

சாகசங்களின் வரலாறு பெரும்பாலும் தனிமனிதர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. சிகரத்தை முதலில் தொட்டவர், துருவத்தில் கொடி நட்டவர், யாரும் ஏறாத அலையில் ஏறியவர் என ஒரு பெயரும் ஓர் ஆண்டும் அதற்குப் போதுமானவை. அலைச்சறுக்கும் இதற்கு விலக்கல்ல. பலகையில் ஒருவர்தான் நிற்க முடியும் என்பதால் புகைப்படத்திலும் ஒருவரே தெரிகிறார். ஆனால் அலை அவரை உதறி வீழ்த்திய பின்பு நடப்பது வேறு கதை. அந்தக் கதையில் உடன் சென்ற நண்பர்களுக்கும் சகோதரர்களுக்கும் உள்ள இடம் என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஹவாயின் ஒவாஹு தீவில் வடகரையில் உள்ள வைமியா விரிகுடாவிலிருந்து இதைத் தொடங்கலாம்.

1943 டிசம்பர் 22 அன்று வுடி பிரவுன், டிக்கி கிராஸ் என்ற இரு நண்பர்கள் சன்செட் கடற்கரையில் பலகைகளுடன் கடலில் இறங்கினர். பிரவுனுக்கு வயது 31. கிராஸ் பதின்வயதைத் தாண்டாதவன். அவர்கள் கடலில் இருந்தபோதே அலைகள் பெருகின. கரைக்குத் திரும்பும் ஆழமான கால்வாயும் நுரையால் மூடப்பட்டது. வைமியாவின் நடுப்பகுதி ஆழமானது, அங்கே அலை உடையாது என்ற நம்பிக்கையில் சுமார் 3 மைல் தூரம் கைகளால் வலித்துக்கொண்டு சென்றனர். அந்தி நேரம். அங்கும் விரிகுடாவின் வாய் முழுவதும் அலைகள் உடைந்துகொண்டிருந்தன. பலகையை இழந்த பிரவுன் ஒவ்வொரு அலைக்கும் அடியில் மூழ்கி மூழ்கிக் கரையில் ஒதுங்கினார். கிராஸின் உடல் கிடைக்கவேயில்லை.

பிரவுன் 2008 வரை வாழ்ந்தார். போர்க்காலத்தில் பசிபிக் தீவொன்றில் இரட்டை மரக்கலங்களைப் பார்த்த அவர், பின்னர் ஹவாயில் நவீன இரட்டையுடல் பாய்மரப் படகுகளைக் கட்டிய முன்னோடிகளுள் ஒருவரானார். அவ்வகைப் படகுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயர் நம் ‘கட்டுமர’த்திலிருந்து போனது. கலம் பாலினேசியருடையது, சொல் நம்முடையது.

அலையில் வீழ்பவருக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் நீரின் எடை ஏறத்தாழ ஒரு டன். உடையும் பேரலை மனிதனைப் பல அடி ஆழத்துக்கு அழுத்தி இருட்டில் உருட்டுகிறது. எது மேல், எது கீழ் என்பது தெரியாது. மேலே வந்தாலும் காற்றுக்குமிழிகள் நிறைந்த நுரை உடலைத் தாங்காது. நீந்தும் கை நீரைப் பற்றாது. தொலைதூரப் புயல்களில் பிறந்த அலைகள் 15 முதல் 20 நொடிகளுக்கு ஒன்றாக வருபவை. முதல் அலை விடுவிக்குமுன் அடுத்தது வந்துவிட்டால் அவர் அரை நிமிடத்துக்கும் மேல் மூச்சின்றி இருக்க நேரும். தரையில் அரை நிமிடம் மூச்சடக்குவது எளிது. ஆனால் அங்கே இதயம் படபடக்கிறது, தசைகள் போராடுகின்றன, இருக்கும் பிராணவாயு விரைவில் தீர்ந்துவிடுகிறது. மூச்சுவிடத் தூண்டுவது பிராணவாயுவின் குறைவைவிடக் கரியமில வாயுவின் பெருக்கமே. இதை உணர்ந்து உடலைத் தளர்த்திக்கொள்பவருக்கு இன்னும் சில நொடிகள் கிடைக்கின்றன. போராடாதிருத்தலே அங்கே முதல் பாடம்.

கிராஸின் மரணத்துக்குப் பின் பெரிய அலைநாட்களில் வைமியாவில் இறங்க எவரும் துணியவில்லை. 1957 நவம்பர் 7 அன்று கிரெக் நோல், மைக் ஸ்டாங்கே முதலிய இளைஞர்கள் அந்தத் தயக்கத்தை உடைத்தனர். சிலர் உடனிருந்ததாலேயே அது சாத்தியமானது. தனியாக நிற்பவனுக்கு எச்சரிக்கையாகத் தோன்றும் அச்சம், நண்பர்கள் முன்னிலையில் வெட்கமாக மாறிவிடுகிறது. துணை என்பது இருமுனைக் கத்தி. காப்பாற்றும் அதே துணைதான் உள்ளேயும் இழுத்துச் செல்கிறது.

அந்தக் கத்தியின் நல்ல முனையாக விளங்கியவர் எடி அய்காவ். 1946இல் பிறந்தவர். அவருடைய குடும்பம் ஹொனலுலுவில் ஒரு சீன இடுகாட்டைப் பராமரித்தபடி அங்கேயே வாழ்ந்தது. 1968இல் வடகரையின் முதல் உயிர்காப்பாளர்களுள் ஒருவராக வைமியாவில் நியமிக்கப்பட்டார். அது பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு புழக்கத்துக்கு வராத காலம். வீழ்ந்தவர் பலகையை இழந்து, பாறைகளை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் நீந்தியே கரைசேர வேண்டும். எடி நூற்றுக்கணக்கானவர்களை மீட்டார். அவர் காவலிருந்தபோது அங்கே ஒருவரும் மூழ்கியதில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். தம்பி கிளைடும் அண்ணனோடு அதே அலைகளில் வளர்ந்தவர்.

1978 மார்ச்சில் ஹோகுலேயா என்ற பாரம்பரிய இரட்டை மரக்கலத்தில் தஹிதியை நோக்கிப் புறப்பட்ட குழுவில் எடியும் இருந்தார். முதல் இரவே கலம் கவிழ்ந்தது. மறுநாள் காலை உதவி கொண்டுவருவதாகச் சொல்லி, பலகையில் தனியாக லனாய் தீவை நோக்கி வலித்துச் சென்றார். அன்று மாலை மற்றவர்களை விமானமொன்று கண்டு, அவர்கள் மீட்கப்பட்டனர். எடி திரும்பவில்லை. பிறருக்குத் துணையாக இருந்தே வாழ்ந்தவர், துணையின்றிச் சென்ற ஒரே பயணம் அது. அவர் பெயரால் வைமியாவில் நடக்கும் போட்டி, அலைமுகம் 40 அடியை எட்டும் நாட்களில் மட்டுமே நிகழ்வது. 1987இல் அங்கே வென்றவர் தம்பி கிளைட். 2016இல் 66 வயதிலும் அதே போட்டியில் இறங்கினார், 2025இல் மறைந்தார்.

‘எடி போயிருப்பார்’ என்பது பேரலைக்காரர்களிடையே ஒரு பழமொழி போலாகிவிட்டது. அதை முதலில் சொன்னவராக அறியப்படுபவர் சிங்கப்பூரில் பிறந்த மார்க் ஃபூ. 1994 டிசம்பரில் அவரும், நண்பரும் நெடுநாள் போட்டியாளருமான கென் பிராட்ஷாவும் ஹவாயிலிருந்து இரவு விமானத்தில் கலிபோர்னியா சென்று, 23ஆம் தேதி மேவரிக்ஸ் என்னுமிடத்தில் கடலில் இறங்கினர். அதற்கு நான்கு நாள் முன்பு அதே இடத்தில் ஜே மொரியாரிட்டி என்ற 16 வயதுச் சிறுவன், அலையின் உச்சியிலிருந்து பலகையோடு காற்றில் தூக்கியெறியப்பட்டுப் பிழைத்திருந்தான். ஹெசன் என்ற மூத்தவர் அவனுக்கு நெடுங்காலம் பயிற்சியளித்திருந்தார். மாற்றுப் பலகையை எடுத்துக்கொண்டு அன்றே மீண்டும் அவன் அலைகளுக்குச் சென்றான்.

ஃபூ வீழ்ந்த அலை அன்றைய அலைகளில் பெரியதல்ல. சுற்றிலும் படகுகள், புகைப்படக்காரர்கள், நண்பர்கள். அவர் வீழ்வதைப் பல கேமராக்கள் பதிவு செய்தன. ஆனால் அவர் எழவில்லை என்பதை எவரும் கவனிக்கவில்லை. அடுத்த அலையில் வீழ்ந்த மைக் பார்சன்ஸ், நீருக்கடியில் யாரோ தம்மீது மோதுவதை உணர்ந்தார். உடன் வீழ்ந்த வேறொரு நண்பர் என்று எண்ணிக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகு, உடைந்த பலகையின் துண்டு காலில் கட்டியபடியே இருக்க, ஃபூவின் உடல் மிதந்துவந்தது. ஒவ்வொருவரும் அவர் படகிலோ கரையிலோ இருப்பதாக நினைத்திருந்தனர். 1943இல் கரையில் காவலென எவருமில்லை. 1994இல் எல்லோரும் இருந்தனர். முடிவு ஒன்றுதான். கூட்டம் வேறு, துணை வேறு என்பதை இந்த இரண்டு நாட்களும் அருகருகே நின்று சொல்கின்றன.

மாற்றம் இரு வழிகளில் வந்தது. மகாஹாவின் புகழ்பெற்ற உயிர்காப்பாளர் பஃபலோ கியாவுலானாவின் மகன் பிரையன், 1990களின் தொடக்கத்தில் ஜெட் ஸ்கியை மீட்புக் கருவியாக்கினார். அதே காலத்தில் லேர்ட் ஹாமில்டனும் நண்பர்களும் எந்திரத்தால் இழுக்கப்பட்டு அலையில் ஏறும் முறையைப் பரப்பினர். அம்முறையில் இழுப்பவர் ஒருவர், சறுக்குபவர் ஒருவர். வீழ்ந்தவரை எடுத்துவருவது இழுப்பவரின் வேலை. துணை என்பது அங்கே விதியாகவே ஆயிற்று. ஏறத்தாழ 2010 முதல் கைகளால் வலித்தே பேரலைகளை எட்டும் பழைய முறை மாவியின் ஜாஸ் போன்ற இடங்களில் புத்துயிர் பெற்றபோது, எந்திரத்தின் இழுவையைக் கைவிட்டவர்கள் அந்த விதியைக் கைவிடவில்லை.

மரணங்கள் அதற்குப் பின்னும் நிகழ்ந்தன. 2011 மார்ச் 16 அன்று சயன் மிலோஸ்கி மேவரிக்ஸில் அடுத்தடுத்த அலைகளால் அழுத்தப்பட்டு இறந்தார். அவருடைய நண்பர்கள் டனிலோ கூட்டோ, கோல் கிறிஸ்டென்சன் இருவரும் துயரத்தைப் பயிற்சியாக மாற்றினர். மூச்சடக்கல், முதலுதவி, இதய மீட்புச் சிகிச்சை ஆகியவற்றை அலைக்காரர்களுக்கே கற்பிக்கும் குழு ஒன்றை அமைத்தனர். அதற்கு முந்தைய ஆண்டு மேவரிக்ஸில் மூழ்கும் விளிம்புவரை சென்ற ஷேன் டோரியன், இழுத்தால் காற்று நிரம்பும் மேலங்கி உருவாகக் காரணமானார். ஆனால் கருவி மட்டும் போதாது. 2012 டிசம்பர் 21 அன்று கலிபோர்னியாக் கரைக்கு வெகு தொலைவிலுள்ள கோர்டெஸ் பேங்க் கடற்பகுதியில் கிரெக் லாங் வீழ்ந்தபோது அந்த மேலங்கி விரியவில்லை. தொடர்ந்து மூன்று அலைகள் அவர்மேல் கடந்தன, நினைவிழந்தார். அவர்மேல் கண் வைத்திருந்த மீட்புக்குழுவினர் எடுத்துவந்ததால் பிழைத்தார். கருவி தோற்ற இடத்தில் கண் காத்தது.

2023 ஜனவரி 22 அன்று எடியின் பெயரிலான போட்டி மீண்டும் வைமியாவில் நடந்தது. முதன்முறையாகப் பெண்களும் அதில் அலையேறினர். வென்றவர் லூக் ஷெப்பர்ட்சன் என்ற வடகரை உயிர்காப்பாளர். அன்று அவர் விடுப்பில் இல்லை. பணியின் இடைவேளைகளில் போட்டியிட்டுவிட்டு மீண்டும் காவலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். எண்பது ஆண்டுகளுக்குமுன் கரையில் காவலென எவருமே இல்லாத அதே விரிகுடா அது. கடல் இந்த எண்பது ஆண்டுகளில் மென்மையாகிவிடவில்லை. உள்ளே போனவர்கள் எத்தனை பேர், வெளியே வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒருவர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை மனிதர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்த எளிய எண்ணிக்கையைக் கற்க அவர்கள் கொடுத்த விலைதான் பெரிது.