இந்தியக் கால்பந்து லீக்: ஜெயித்தும் மேலே ஏறாத அணி

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சீசன். இந்தியக் கால்பந்தில் நாடு முழுவதற்குமான லீக் சீசன் என்று ஒன்று வர 1996 ஆகிவிட்டது! இத்தனைக்கும் டூரண்ட் கோப்பை 1888லேயே சிம்லாவில் ஆரம்பம். கல்கத்தா லீக் 1898ல். ஆனால் ஒன்று நாக்-அவுட், இன்னொன்று ஒரே ஊரின் லீக்.

1996-97ல் வந்த தேசிய லீக், 2007ல் ஐ-லீக் ஆனது. பெயர் மாற்றம் பெரிய விஷயமில்லை. 2010ல் கால்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி.-ரிலையன்சுடன் 15 வருடத்துக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டதுதான் விஷயம். அதன் வழியாக 2014ல் ஐ.எஸ்.எல். வந்தது. எட்டு அணிகள், ஐ.பி.எல். பாணி. இடம் காசு கட்டியவர்களுக்கு. கடைசியில் வந்தாலும் கீழே இறங்க வேண்டாம்.

மாட்டிக்கொண்டது நம்ம சென்னை சிட்டி. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில், கடைசி நாளில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று 2018-19 ஐ-லீக் பட்டத்தைப் பிடித்தது. பெட்ரோ மான்சி மட்டும் அந்த சீசனில் 21 கோல்! அதே 2019ல் ஐ.எஸ்.எல்.தான் முதல் டிவிஷன் என்று முடிவானது. சாம்பியன் அணி இருந்த இடத்திலேயே இரண்டாம் டிவிஷன் ஆகிவிட்டது.

ஐ-லீக்கை ஜெயித்து மேலே ஏறும் வழி 2023ல்தான் திறந்தது. அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை. முதலில் ஏறியது பஞ்சாப் எஃப்.சி. வேறு யாருமில்லை, அந்தப் பழைய மினர்வா பஞ்சாப்தான்.